வாசற்படியில் இருக்கும் அத்தாட்சிகள்

 



2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்ததை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. கடைவீதி அடைத்தது, பள்ளிக்கூடம் அடைத்தது, ரயில் நின்றது. பள்ளிவாசலின் கதவும் சாத்தப்பட்டது. பாங்கு மட்டும் ஒலித்தது. பாங்கைக் கேட்டு எழுந்த கால்களோ வீட்டு வாசற்படியோடு நின்றுவிட்டன. அந்த ஆண்டு ஏப்ரல் 25-ல் நம் பகுதியில் ரமளான் பிறந்தது. பள்ளியில் தராவீஹ் ஜமாஅத் இல்லை. கூடி உட்கார்ந்து நோன்புக் கஞ்சி குடிக்கவும் வழியில்லை. மே 25-ல் பெருநாள் தொழுகையைக் கூட வீட்டுக் கூடத்திலும் மொட்டை மாடியிலும் தான் தொழுதோம். தமிழகத்தில் சிற்றூர்களின் சிறிய பள்ளிகள் ஜூலையில் திறந்தன. நகரத்துப் பெரிய பள்ளிகள் திறக்கச் செப்டம்பர் 1 ஆயிற்று.

அந்த நாட்கள் போய்விட்டன. அல்ஹம்துலில்லாஹ்! பள்ளிகள் நிரம்புகின்றன, ஸஃப்பில் தோளோடு தோள் சேர்த்து நிற்கிறோம். ஆனால், அந்த இக்கட்டான காலத்தில் நம்மில் பலருக்கு அல்லாஹ் ஒரு பொருளைத் தந்தான். அது இப்போது மெல்ல மெல்லக் கைநழுவிப் போய்க் கொண்டிருக்கிறது. நம் வாசற்படியிலும், முற்றத்திலும், மொட்டை மாடியிலும் அல்லாஹ் வைத்திருக்கும் அத்தாட்சிகளை நின்று பார்க்கும் பழக்கமே அந்தப் பொருள். அதைப் பற்றித்தான் இம்மாதம் சற்றே சிந்திக்க விரும்புகிறேன்.

ஒதுங்கி இருப்பதும் வழிபாடே

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். நோய்க் காலத்தில் வீட்டோடு இருந்தது மார்க்கத்திற்குப் புறம்பான காரியம் அன்று. கொள்ளை நோய் பரவிய ஊருக்குள் வெளியிலிருந்து போகக் கூடாது, அந்த ஊரில் இருப்பவர் அங்கிருந்து ஓடவும் கூடாது என்பது நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை.

கலீபா ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் பயணமானார்கள். ஸர்க் என்னும் இடத்தை அடைந்தபோது, ஷாமில் கொள்ளை நோய் கண்டிருப்பதாகச் செய்தி வந்தது. முஹாஜிர்களையும், அன்ஸாரிகளையும், குறைஷிப் பெரியவர்களையும் கலந்து ஆலோசித்து, திரும்பிவிடுவதென்று முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று ஹஸ்ரத் அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். அத்துடன் ஓர் உதாரணமும் சொன்னார்கள். ஒரு பள்ளத்தாக்கு, ஒரு பக்கம் பசுமை, மறு பக்கம் வறண்ட நிலம். ஒட்டகத்தைப் பசுமையில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிதான். வறட்சியில் மேய்த்தாலும் அதுவும் அவன் விதிதான் அல்லவா என்று கேட்டார்கள். பின்னர் ஹஸ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நான் மேலே சொன்ன நபிமொழியை எடுத்துரைத்தார்கள்.

கவனியுங்கள்! தக்தீர் என்னும் ஆழமான விஷயத்தை விளக்க, கலீபா அவர்கள் புல்லையும் ஒட்டகத்தையும் எடுத்துக் காட்டினார்கள். கண்ணெதிரே இருந்த மண்ணும் மேய்ச்சலும் மார்க்கத்தைப் புரிந்து கொள்ளும் பாடமாக அமைந்தன.

மழை பெய்த ஜும்ஆ நாளில் ஹஸ்ரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், தொழுகைக்கு வாருங்கள் என்று பாங்கில் அழைப்பதற்குப் பதிலாக, வீடுகளிலேயே தொழுது கொள்ளுங்கள் என்று அறிவிக்கச் சொன்னதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகி இருக்கிறது. 2020 மார்ச்சில் குவைத் நாட்டின் பள்ளிகளிலிருந்து இந்த அறிவிப்பே ஒலித்தது. ஆகவே, வீட்டில் தொழுத அந்த நாட்களை ஏதோ தொழுகை குறைந்துபோன நாட்களாக எண்ணி வருந்த வேண்டியதில்லை. பூமி முழுவதும் நமக்கு ஸுஜூது செய்யும் தலமாக ஆக்கப்பட்டிருக்கிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை, அந்த ஆண்டில் நம் வீட்டுச் செங்கல் தளத்திலும் சிமெண்டுத் தரையிலும் கண்டோம்.

நிழல் சொல்லும் வக்து

தொழுகையின் ஐந்து வக்துகளும் எதைக் கொண்டு கணிக்கப்படுகின்றன? சுவர்க் கடிகாரத்தைக் கொண்டா? பள்ளியில் மாட்டியிருக்கும் கால அட்டவணையைக் கொண்டா? இல்லை. கடிகாரமும் அட்டவணையும் பின்னால் வந்த உதவிகள். அவை வானத்தைப் பார்த்துத்தான் எழுதப்பட்டன. கீழ்வானில் அகலமாகப் பரவும் வெளிச்சம் ஸுப்ஹு; சூரியன் உச்சி சாய்வது ளுஹர்; நிழல் நீள்வது அஸர்; சூரியன் மறைவது மஃரிப்; செவ்வானம் அகல்வது இஷா. ஆக, ஒவ்வொரு முஃமினுக்கும் நாளொன்றுக்கு ஐந்து முறை வானத்தோடு ஓர் உறவு கடமையாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

நம் பாட்டிமார்களுக்கு இது நன்றாகத் தெரியும். வடகம் காயப் போட்டவர்கள், நெல் உலர்த்தியவர்கள், முற்றத்து நிழல் எந்தக் கல்லைத் தொட்டால் ளுஹர், எந்தப் படி ஏறினால் அஸர் என்று கண்ணாலேயே அளந்தார்கள். ஒலிபெருக்கியும் கைக்கடிகாரமும் வந்த பிறகு அந்த அறிவு நம்மை விட்டுப் போயிற்று. ஊரடங்கில், வேலைக்குப் போகாமல் பகலெல்லாம் வீட்டில் இருந்த ஆண்கள் பலர், தம் வீட்டு முற்றத்தில் வெயில் எப்படி நகர்கிறது என்பதை முதன்முதலாக அப்போதுதான் கண்டார்கள்.

அந்த ஏப்ரல் மாதம் அதற்கு மிகப் பொருத்தமாகவும் இருந்தது. நம் தமிழகத்தில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும் நாட்கள் ஆண்டுக்கு இரண்டே. காயல்பட்டினத்தில் அது ஏப்ரல் இரண்டாவது வாரம். நாகூரில் ஏப்ரல் 18 வாக்கில். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில். அன்று உச்சி வேளையில் நட்டு வைத்த குச்சிக்கு நிழலே இராது; அதன் காலடியிலேயே அடங்கிவிடும். அதற்கு முந்திய நாட்களில் உச்சி நிழல் வடக்கே விழும். அதன் பிறகு, இரண்டாம் முறை சூரியன் தலைக்கு மேல் வரும் ஆகஸ்ட் வரையில் தெற்கே விழும். பிக்ஹு நூல்களில் அஸர் வக்துக்கு ஒரு பொருளின் நிழல் அதனளவு ஆக வேண்டும் என்றும், உச்சி வேளையில் இருந்த நிழலைக் கணக்கில் கழித்துவிட வேண்டும் என்றும் படிக்கிறோம் அல்லவா? இந்த நாளில் கழிக்க வேண்டிய நிழலே இல்லை. ஒரு முழக் குச்சியின் நிழல் ஒரு முழமாகி அதைக் கடக்கத் தொடங்கினால் ஷாஃபிஈ மத்ஹபில் அஸர். அந்த நிழல் இரண்டு முழமானால் இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்களின் சொல்லின்படி அஸர். மத்ரஸாவில் ஓதி விளங்காத சிறுவனுக்கும் இது மொட்டை மாடியில் ஒரே பகலில் விளங்கிவிடும்.

திருமறையில் அல்-ஃபுர்கான் அத்தியாயத்தில் அல்லாஹ் நிழலை எப்படி நீட்டுகிறான் என்று பார்க்கும்படி நம்மிடம் கேட்கிறான். தான் நாடியிருந்தால் அதை அசையாமல் நிற்க வைத்திருப்பான் என்றும், சூரியனை அதற்கு வழிகாட்டியாக்கினான் என்றும் சொல்கிறான். அந்-நஹ்ல் அத்தியாயத்தில், பொருள்களின் நிழல்கள் வலமும் இடமும் சாய்ந்து அவனுக்கு ஸுஜூது செய்வதாகச் சொல்கிறான். அப்படியானால், பள்ளி பூட்டிக் கிடந்த அந்த நாட்களில் நம் வீட்டு வேப்பமரத்தின் நிழல் ஒரு வேளை கூடத் தவறாமல் தரையில் தலை சாய்த்துக் கொண்டுதான் இருந்தது! இதை நினைக்கும்போது ஒரு முஃமினின் உள்ளம் உருகாதா?

கரிச்சானும் வெள்ளியும்

ஸஹருக்கு எழுந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். லாரியின் உறுமலும் பஸ்ஸின் ஹாரனும் அடங்கியிருந்த அந்த ரமளானில், ஸுப்ஹுக்கு முன்னரே கரிச்சான் குருவி குரல் கொடுத்தது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு குயில், காகம், மைனா என்று ஒவ்வொன்றாக எழுந்தன. இவை 2020-ல் புதிதாக வந்து சேர்ந்த பறவைகள் அல்ல. நம் தெருவிலேயே, நம் கிணற்றடியிலேயே என்றும் இருப்பவை. நம் இரைச்சல் அடங்கியபோது அவற்றின் ஓசை நமக்குக் கேட்டது, அவ்வளவே. வானங்களிலும் பூமியிலும் உள்ளவை எல்லாம், சிறகு விரித்துப் பறக்கும் பறவைகளும், தத்தம் தொழுகையையும் தஸ்பீஹையும் அறிந்தே இருக்கின்றன என்பது அந்-நூர் அத்தியாயத்தின் கருத்து. இதை எத்தனை முறை ஓதியிருக்கிறோம்! ஓதியதை எத்தனை முறை காது கொடுத்துக் கேட்டிருக்கிறோம்?

மாலையிலோ, நோன்பு திறந்துவிட்டு மாடிக்குச் சென்றவர்கள் மேற்கு வானில் வெள்ளியைக் கண்டார்கள். அந்த ஏப்ரல் இறுதியில் அது தன் மிகுந்த பிரகாசத்தில் இருந்தது. ஏப்ரல் 26 அன்று மாலை இளம்பிறை அதன் அருகிலேயே நின்றது. ஜூன் 21 முற்பகலில் சூரிய கிரகணம் தமிழகத்தில் பகுதியளவு தெரிந்தது. வெறும் கண்ணால் சூரியனைப் பார்ப்பது ஆபத்து. ஆனால் மர நிழலில் இலைகளின் இடுக்கு வழியே தரையில் விழும் ஒளி வட்டங்கள் அன்று ஓரம் குறைந்த வட்டங்களாக விழும். நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் (ரலி) மறைந்த அன்று கிரகணம் பிடித்தது. மக்கள் அதை அந்த மரணத்தோடு முடிச்சுப் போட்டபோது, எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் சூரிய சந்திரர்க்குக் கிரகணம் பிடிப்பதில்லை, அவை அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்று அவர்கள் திருத்தினார்கள். மகனை இழந்த துயரத்திலும் உண்மையை விட்டுக் கொடுக்காத நபியின் உம்மத் நாம். ஆகவே, வானத்தைப் பார்ப்பது சகுனம் பார்ப்பதற்காக அன்று, படைத்தவனை அறிவதற்காக.

நாயகம் (ஸல்) அவர்கள் தம் மனைவியார் மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் தங்கிய ஓர் இரவைப் பற்றி இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். இரவின் கடைசிப் பகுதியில் எழுந்து உட்கார்ந்து, வானத்தை நோக்கி, ஆல இம்ரான் அத்தியாயத்தின் இறுதி வசனங்களை ஓதினார்கள். பிறகே ஒளுச் செய்து தொழுதார்கள். நாம் எழுந்தவுடன் எதைப் பார்க்கிறோம்? கைத்தொலைபேசியின் வெளிச்சத்தை அல்லவா! இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா உலூமித்தீன் நூலின் 40 பகுதிகளில் 39-ஆவது பகுதியைத் தஃபக்குர் என்னும் சிந்தனைக்கென்றே ஒதுக்கினார்கள். படைப்பைப் பார்த்துச் சிந்திப்பது ஓய்வு நேரப் பொழுதுபோக்கு அன்று. அது ஓர் இபாதத்.

குகையும் சுரைக்கொடியும்

அல்லாஹ்வின் நேசர்கள் அடைபட்டிருந்த இடங்களைத் திருமறை சொல்லும் விதத்தைப் பாருங்கள். குகைவாசிகள் உறங்கிய குகையைப் பற்றிச் சொல்லும்போது, சூரியன் உதிக்கையில் அந்தக் குகையின் வலப்புறமாகச் சாய்ந்து செல்வதையும், மறைகையில் இடப்புறமாக விலகிச் செல்வதையும் அல்லாஹ் விடாமல் சொல்கிறான். அதுவும் தன் அத்தாட்சிகளில் ஒன்று என்கிறான். மீன் வயிற்றிலிருந்து வெளியே வந்து, நோயுற்றுக் கரையில் கிடந்த யூனுஸ் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் முதலில் என்ன கொடுத்தான்? மாளிகையையா? ஒரு சுரைக்கொடியை முளைக்கச் செய்தான். நெருக்கடியிலிருந்து மீண்ட ஒரு நபிக்கு முதல் நிழல் ஒரு செடியின் இலையிலிருந்து கிடைத்தது. நம் வீட்டுக் கொல்லையில் பந்தலேறும் சுரைக்கொடியைப் பார்க்கும்போது இது நம் நினைவுக்கு வர வேண்டாமா?

யாருக்கு முற்றம் இருந்தது?

சகோதரர்களே! இங்கே ஒரு முக்கியமான விஷயத்தை மறைத்துவிட்டுப் போகக் கூடாது. அந்த நோய் நல்லதற்கே வந்தது, இயற்கை ஓய்வெடுக்கவே வந்தது என்று சிலர் பேசினார்கள். அப்படிப் பேசுவது ஈவிரக்கமில்லாத பேச்சு. எத்தனையோ குடும்பங்களில் தாயும் தகப்பனும் போனார்கள். ஜனாஸாவைக் குளிப்பாட்டவும், தோளில் சுமக்கவும் சொந்தப் பிள்ளைகளுக்கே கொடுத்து வைக்கவில்லை. கொள்ளை நோயில் இறந்த முஃமினுக்கு ஷஹீதின் அந்தஸ்து என்று நாயகம் (ஸல்) சொன்ன சுபச் செய்திதான் அவர்களுக்கு ஆறுதல். வேலையும் கூலியும் போய், பிள்ளைகளைத் தோளில் வைத்துக் கொண்டு நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான மைல் நடந்தவர்களையும் இந்த நாடு கண்டது. அவர்களுக்கும் தலைக்கு மேல் அதே சூரியன்தான். நமக்கு அது சிந்திக்கும் பொருள். அவர்களுக்கு அது சுட்டெரித்த வெயில்.

ஒரே அறையில் ஏழு பேர் அடைந்து கிடந்த வீட்டுக்கு மாடி ஏது? முற்றம் ஏது? ஆகவே, மாடியும் மரமும் கிடைத்தவர்கள் அதைத் தம் சாமர்த்தியம் என்று எண்ணக் கூடாது. அது நிஃமத். நிஃமத்துக்கு ஷுக்ரு உண்டு. ஷுக்ரு என்பது நாவால் அல்ஹம்துலில்லாஹ் சொல்வதோடு முடிவதில்லை. மரமில்லாத தெருவுக்கு ஒரு மரம், நிழலில்லாத உழைப்பாளிக்கு ஒரு பந்தல், ஒரு பானைத் தண்ணீர் என்று அது கையாலும் வெளிப்பட வேண்டும். அத்தாட்சியைக் கண்டு வியந்துவிட்டு, பக்கத்து வீட்டுத் தாகத்தைக் காணாதவன் உண்மையில் எதையும் காணவில்லை.

இனி என்ன செய்வது?

அல்லாஹ் ஒரு மனிதனின் கண்ணைத் திறந்து காட்டிய பின், அவன் அதை மீண்டும் மூடிக் கொண்டால் அதற்குக் கேள்வி உண்டு. முன்பு கவனியாமல் இருந்தவனுக்கு, தெரியாது என்ற சாக்காவது இருந்தது. கண்டவனுக்கு அந்தச் சாக்கும் இல்லை. எனவே, அந்த நாட்களில் கிடைத்ததைக் காப்பாற்றிக் கொள்ளச் சில எளிய அமல்களைச் சொல்கிறேன்.

முதலாவது: நாளில் ஒரு வக்தையாவது, அட்டவணையைப் பார்க்குமுன் வானத்தைப் பார்த்து அறிந்து கொள்ளுங்கள். மஃரிபுக்குச் சற்று முன் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். சூரியன் முழுதும் மறைவதையும், செவ்வானம் மெல்ல அகல்வதையும் காட்டுங்கள். மாதந்தோறும் 29-ஆம் நாள் மாலை பிறை தேடுங்கள். ரமளானுக்கும் பெருநாளுக்கும் மட்டும் பிறை பார்ப்பது என்று ஆக்கிவிட்டோமே, மற்றப் பத்து மாதங்களின் பிறையைப் படைத்தவன் யார்?

இரண்டாவது: பறவைக்கும் அணிலுக்கும் தண்ணீர் வையுங்கள். உயிருள்ள எதற்குச் செய்யும் உபகாரத்திலும் கூலி உண்டு என்று நாயகம் (ஸல்) சொன்னார்கள். ஒரு சிறு பறவையின் குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்து வந்தபோது, தாய்ப் பறவை தவித்துச் சிறகடிப்பதைக் கண்டு, குஞ்சுகளை அதனிடம் திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட்டார்கள். சித்திரை வெயிலில் மாடிச் சுவரில் வைக்கும் ஒரு மண் சட்டித் தண்ணீருக்கு என்ன செலவாகிவிடும்?

மூன்றாவது: ஒரு மரமேனும் நடுங்கள். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ, பறவையோ, விலங்கோ தின்றால் அது நட்டவனுக்கு ஸதகா என்பது நபிமொழி. கையில் ஒரு கன்று இருக்கும்போது கியாமத்தே வந்தாலும், முடிந்தால் அதை நட்டுவிடுங்கள் என்ற கருத்திலும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முருங்கைக் கொம்பு ஒன்றை ஊன்றினாலும் போதும். வீட்டில் இடமில்லை என்பவர்கள் பள்ளி வளாகத்திலும் மையவாடியிலும் நடலாம். பள்ளியை விரிவாக்கும்போது நிற்கும் மரத்தை வெட்டுமுன் முத்தவல்லிமார்கள் ஒரு முறைக்கு இரு முறை யோசிக்க வேண்டும்.

நான்காவது: தண்ணீர். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில், அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டரில், ஒளுச் செய்தார்கள். குழாயைத் திறந்து விட்டுக் கொண்டு பேசியபடியே ஒளுச் செய்யும் நாம் எத்தனை முத்து கொட்டுகிறோம்? வீட்டில் ஒளுச் செய்த நாட்களில் பலர் செம்பில் மொண்டு செய்தார்கள். அந்தச் செம்பை விட்டுவிடாதீர்கள். மழை பெய்தால், அது இறைவனிடமிருந்து இப்போதுதான் வந்தது என்று சொல்லி, ஆடையைச் சற்று விலக்கித் தம் மேனியில் மழை படச் செய்தவர்கள் நம் நாயகம் (ஸல்). அந்த மழையைச் சேமிப்பதும் அவர்கள் வழியில் உள்ளவர்க்கு அழகு.

இவற்றில் எதுவும் பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. மலைக்கும் கடலுக்கும் சுற்றுலாப் போகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் வாசற்படியைத் தாண்ட முடியாதபடி அல்லாஹ் நம்மை நிறுத்தினான். நிறுத்திய இடத்திலேயே அவன் அத்தாட்சிகள் நிறைந்திருந்தன. இப்போது கதவுகள் திறந்திருக்கின்றன. பள்ளிக்கு நடந்து போகிறோம். அந்த நடையிலேயே, பாதையோரத்து மரத்தையும், தலைக்கு மேல் செல்லும் பறவையையும், முன்னால் நீளும் நம் நிழலையும் பார்த்துக் கொண்டு போனால், தொழுகைக்கு நிற்குமுன்னரே உள்ளம் திக்ரில் இருக்கும்.

யா அல்லாஹ்! அந்தக் கடும் நாட்களில் எங்களை விட்டுப் பிரிந்தவர்களின் பாவங்களை மன்னித்து, அவர்களின் கபுரைச் சுவனத்துப் பூங்காவாக ஆக்குவாயாக! இழந்து தவிப்பவர்களுக்கு ஸப்ரைத் தருவாயாக! நீ காட்டிய அத்தாட்சிகளைக் கண்ட பின்னரும் கண் மூடியவர்களின் கூட்டத்தில் எங்களைச் சேர்த்துவிடாதே! எங்கள் பிள்ளைகளை உன் வானத்தையும் உன் பூமியையும் பார்த்து உன்னை அறிகின்ற மக்களாக ஆக்குவாயாக! ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!